மகனை டாக்டராக்குமுன் ஒரு கணக்கு

எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வெளியாகும் ஒவ்வொரு வருஷமும் நம் வியாபாரிகளிடையே ஒரே பேச்சுத்தான். "பையன் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான், டாக்டருக்குப் படிக்க வைக்கலாமென்று இருக்கிறேன்" என்கிறார் ஒருவர். கேட்டவர், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம்" என்று கை கொடுக்கிறார். அதற்கு மேல் விசாரணை நடப்பதில்லை. ஒரு மூட்டை மல்லி வாங்குவதானாலும் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறவர்கள் நாம். பிள்ளையின் ஆயுளில் பத்துப் பன்னிரண்டு வருஷத்தை முதலாகப் போடும் காரியத்தில் மட்டும் விசாரியாமல் பணத்தை நீட்டிவிடுகிறோம். ஆகவே இவ்விதழில் வைத்தியத் தொழிலின் வரவு செலவைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமாக.

நாம் கற்றது மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும்தான். ஆயினும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகில் வெகுகாலமாகக் கடை வைத்திருப்பதால், பயிற்சி டாக்டர்கள் பிஸ்கட்டும் மைலோவும் வாங்க நம்மிடம்தான் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டறிந்ததும், அன்பர்கள் சிலரின் வீட்டில் கண்டதுமே இங்கே சொல்லப்படுவன.

முதலில் வாசற்படி. எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், இன்னொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது 'பி' வேண்டும். அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் போன்ற படிப்பில் நல்ல தேர்ச்சி வேண்டும். இது கதவைத் தட்டுவதற்கான தகுதி மட்டுமே. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க இதற்கு வெகு மேலே நிற்க வேண்டும். எனவே உண்மையான தீர்மானம் பரீட்சை முடிவன்று எடுப்பதல்ல; நான்காம் படிவத்தில் என்ன பாடம் எடுக்கிறான் என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது.

இனி வருஷக் கணக்கு. பதினேழு வயதில் எஸ்.பி.எம்.; பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு முடியப் பத்தொன்பது; மருத்துவம் ஐந்து வருஷம், ஆக இருபத்துநான்கு. பெரும்பாலும் முதலிரண்டு வருஷம் உடற்கூறு, உடல் இயங்கும் விதம் முதலியவை. பின்பு நோயாளிகளின் கட்டிலருகே பாடம். பட்டம் வாங்கியதும் போர்டு மாட்டிக் கிளினிக் திறந்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். அதுதான் இல்லை. 1971-ம் வருஷத்து மருத்துவச் சட்டப்படி முதலில் தற்காலிகப் பதிவு மட்டுமே. 2008 முதல் பயிற்சிக் காலம் இரண்டு வருஷமாக்கப்பட்டது. அதை நிறைவேற்றினால்தான் முழுப் பதிவு. அதன்பிறகும் கட்டாய அரசாங்க சேவை உண்டு. விசேஷ நிபுணராக வேண்டுமானால் உள்நாட்டு முதுநிலைப் படிப்பு இன்னும் நான்கு வருஷம். அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். சிங்கப்பூர் அன்பர்கள் பிள்ளைகளை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷ மருத்துவப் படிப்பில் சேர்த்தாலும், குடிமக்களுக்கு ஐந்து வருஷச் சேவைப் பிணைப்பு உண்டென்பதைக் கணக்கில் வைத்துக்கொள்க.

அந்த இரண்டு வருஷப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகள் இடறுவது அங்கேதான். ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம்: பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, எலும்பு, பிரசவம், பிறகு அவசர சிகிச்சை போன்ற ஒன்று. ஒரு பிரிவில் தேறாவிட்டால் அங்கேயே காலம் நீட்டப்படும். விடியுமுன் வார்டுக்குப் போய் இரத்தம் எடுக்க வேண்டும். நரம்பு தேடி ஊசிக் குழாய் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் கதையையும் கேட்டு எழுதி, பரிசோதனை முடிவுகளைத் துரத்திப் பிடித்து, நிபுணர் சுற்றி வரும்போது தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும். தவறினால் நாலு பேர் முன்னால் ஏச்சு. முன்பு முப்பது மணி நேரத்திற்கு மேலும் தொடர்ந்து நின்றவர்கள் உண்டு. 2011 முதல் ஷிப்டு முறை வந்தது. ஆனாலும் நம் கடைக்கு வரும் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தால், தூக்கம் இன்னும் அவர்களுக்குக் கிட்டவில்லை என்றே தோன்றுகிறது. முதல் தடவையாக ஒரு நோயாளியின் உயிர் தன் கண்ணெதிரே பிரிந்த இரவில் ஒரு பையன் நம் கடைப் படியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். காலையில் மறுபடியும் வேலைக்குப் போனான். அப்படித் திரும்பிப் போகக்கூடிய மனம் நம் பிள்ளைக்கு உண்டா என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

டாக்டர் என்றால் நிரந்தர உத்தியோகம் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது முழுதாகச் செல்லாது. 2016 டிசம்பர் முதல் புதியவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டனர். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் நாடெங்கும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் கண்டோம். அதன்பின் நிரந்தர நியமனங்கள் கூட்டப்பட்டன என்றாலும், "படித்தான், இனிக் கவலையில்லை" என்று பேரேட்டை மூடிவிட முடியாது.

செலவுக்கு வருவோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே தாங்குகிறது. தனியார் கல்லூரிகளிலோ மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் இடங்கள் பல. குறைந்த செலவு என்று ஏஜெண்டுகள் வெளிநாட்டுக் கல்லூரிகளைக் காட்டுவார்கள். வழவழப்பான காகிதத்தில் கட்டடத்தின் படம் அழகாயிருக்கும். நாம் கேட்க வேண்டியது ஒன்றே: மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அக்கல்லூரி இருக்கிறதா? இல்லையேல் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் பதிவு. கிரிமியாவிலிருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் 2005-ல் நீக்கப்பட்டபோது இங்கே எத்தனை பெற்றோர் கலங்கினர்! ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. மன்றத்தின் பட்டியலை நாமே பார்த்த பிறகே முன்பணம்.

இதற்காகக் கடையை விற்பவர்களை நாம் ஆதரிக்கமாட்டோம். கடை போய், பிள்ளையும் பாதியில் திரும்பினால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும். சிங்கப்பூரில் 1905-ல் மருத்துவப் பள்ளி ஏற்பட்ட விதத்தை எண்ணிப் பார்க்கலாம். அரசாங்கம் 71,000 டாலர் திரட்டிக் கேட்க, டான் ஜியாக் கிம் தலைமையில் சீன வியாபாரிகள் முதலியோர் 87,077 டாலர் சேர்த்தனர். அதில் அவர் பங்கு 12,000. ஒரு தகப்பன் கடையை அடகு வைப்பதைவிட, நூறு கடைக்காரர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தகுதியுள்ள ஏழைப் பிள்ளை ஒன்றைப் படிக்க வைப்பது எளிது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாமே!

மகளானாலும் கணக்கு இதுவே. இரவு ஷிப்டும் வெளியூர் நியமனமும் அவளுக்கும் உண்டு. சம்பந்தம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். நிக்காஹ் முடிந்தபின் வேலையை விடச் சொல்லும் வீட்டுக்குப் பத்து வருஷப் படிப்பை அனுப்புவது யாருக்கும் நியாயமல்ல.

பிள்ளையின் மனமறிய ஒரு வழி உண்டு. மூன்றாம் படிவ விடுமுறையில், தெரிந்த டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் சில நாள் உதவிக்கு உட்கார விடுங்கள். இரத்தத்தையும் வாந்தியையும் அழும் குழந்தையையும் பார்த்தபின், "வாப்பா, நாளைக்கும் போறேன்" என்கிறானா, சாக்குச் சொல்கிறானா என்று பாருங்கள். சாக்குச் சொன்னால் கோபிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி டாக்டரால் மட்டும் நடப்பதில்லை. மருந்தாளருக்கு நான்கு வருஷப் பட்டமும் அதன்பின் பயிற்சியும். தாதிக்கும், உதவி மருத்துவ அதிகாரிக்கும், பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவருக்கும் மூன்று வருஷ டிப்ளோமா. சரக்கின் பெயரையும் காலாவதித் தேதியையும் கண்ணிமைக்காமல் சரிபார்க்கும் பிள்ளை நம் கடைகளில் எத்தனையோ பேர் உண்டு; அவர்களுக்கு மருந்தாளர் வேலை கையோடு பொருந்தும்.