தண்ணீர் பில் எகிறுகிறதா? எக்செலில் கண்டுபிடிக்கலாம்!

வீட்டில் ஆட்கள் கூடவில்லை. புதிதாக வாஷிங் மெஷினும் வாங்கவில்லை. ஆனால் தண்ணீர் பில் மட்டும் இரட்டிப்பாக வருகிறது. ஏன்? பில்லில் மொத்த அளவுதான் இருக்கும். எந்த நேரத்தில் தண்ணீர் போனது என்று இருக்காது. அதைக் கண்டுபிடிக்க, சிங்கப்பூர் வீடுகளுக்காக நான் அமைத்த ஒர்க்ஷீட்டைப் பார்ப்போம்.

முதலில் பில்லைக் கவனியுங்கள். அங்கே வழக்கமான மீட்டர்களின் ரீடிங்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். இடைப்பட்ட மாதத்துக்கு உத்தேசக் கணக்குதான். உத்தேசம் குறைந்திருந்தால் மீதி அடுத்த பில்லில் சேர்ந்து வரும். அது கசிவு அல்ல.

இனி எக்செலைத் திறந்து கொள்ளுங்கள்.

1. ஏ காலத்தில் தேதி, ஒரு ஸ்பேஸ், நேரம் ஆகியவற்றை ஒரே செல்லில் டைப் செய்யுங்கள். பி காலத்தில் மீட்டர் ரீடிங். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் தசமப் பகுதி. 1 கன மீட்டர் 1000 லிட்டர்.

2. இரவு படுக்கும் முன் எடுத்த ரீடிங் 2-ஆம் வரிசையில், காலையில் குழாயைத் திறக்கும் முன் எடுத்தது 3-ஆம் வரிசையில் இருக்கட்டும்.

3. சி3 செல்லில் =(பி3-பி2)*1000. இது லிட்டர்.

4. டி3 செல்லில் =(ஏ3-ஏ2)*24. எக்செல் ஒரு நாளை 1 என்று கணக்கிடுவதால் 24-ஆல் பெருக்கினால் மணி கிடைக்கும். விடை தேதி போலத் தெரிந்தால் ஃபார்மட் செல்ஸ் சென்று நம்பர் என மாற்றுங்கள்.

5. ஈ3 செல்லில் =சி3/டி3. இது மணிக்கு எத்தனை லிட்டர் என்பது.

(செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.)

எல்லோரும் தூங்கும்போது ஈ3 பூஜ்யமாக இருக்க வேண்டும். 6 மணி நேரத்தில் 120 லிட்டர் போயிருந்தால் மணிக்கு 20 லிட்டர்; 30 நாளில் 14.4 கன மீட்டர். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே முதல் 40 கன மீட்டருக்குத் தலா 3.24 வெள்ளி, வரி தனி. யாரும் பயன்படுத்தாத தண்ணீருக்கு மாதம் சுமார் 46.66 வெள்ளி!

முதல் சந்தேகம் கழிவறைத் தொட்டி மீது. தொட்டியில் சமையல் வண்ணம் சில துளிகள் விட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். வண்ணம் கோப்பைக்கு வந்தால் உள்ளே இருக்கும் வால்வை மாற்ற வேண்டும்.

நகரக் குழாய்களைப் பராமரிப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு பகுதிக்குள் நள்ளிரவில் நுழையும் தண்ணீரை அளக்கிறார்கள். அது வழக்கத்தைவிடக் கூடினால் பூமிக்குள் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் முதல் கட்டமாகச் சுமார் 3 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களைத் திட்டமிட்டதும் கசிவை உடனே அறியத்தான். ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டுக்கு இந்த ஒர்க்ஷீட் போதும்.

ஃபைலை அழித்துவிடாதீர்கள். பில்லைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது தேதியும் நேரமும் கொண்ட ரீடிங்குகள்தான் உங்கள் பக்கம் பேசும்.