ஒரு கூரையும் முப்பத்திரண்டு வீடுகளும்

தனி வீடு உடையவர் கதிரவனிடம் மின்சாரம் பெறுவதில் சிக்கலில்லை. கூரையும் அவருடையது, மீட்டரும் அவருடையது. மத்திய அரசு 2024-இல் தொடங்கிய திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால், அரசு அடுக்குமாடியில் வீடு பெற்ற ஏழைக்குக் கூரை ஏது? அவர் தலைக்கு மேலிருப்பது அடுத்த வீட்டின் தரையன்றோ!

நண்பர்களே, முதலில் கணக்கைப் பார்ப்போம். நாம் பயிலும் ஏர்பேடு இருக்கும் ஆந்திரத்தில், டிட்கோ வீடுகள் தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்டவை. தளத்துக்கு எட்டாக 32 வீடுகள், ஒவ்வொன்றும் 365 சதுர அடி எனக் கொள்வோம். கூரை சுமார் 3,000 சதுர அடி. தண்ணீர்த் தொட்டியும் நிழலும் போகப் பாதி தேறும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டுமாதலால் 15 கிலோவாட் அமைக்கலாம். இந்த வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக மொத்தம் 60 யூனிட். வீட்டுக்கு மாதம் 56. விளக்கும் விசிறியும் மட்டுமுள்ள வீட்டுக்கு இது சிறிதன்று.

இதைப் பங்கிடுவது எங்ஙனம்? ஆஸ்திரேலியாவின் அல்யூம் நிறுவனம் சோல்ஷேர் என்றொரு கருவி செய்கிறது. எந்த வீட்டில் அந்நேரம் தேவையோ, அங்கே அது மின்சாரத்தைத் திருப்பிவிடும். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில், ஓடெட் கோர்ட் என்னும் குடியிருப்பின் 24 வீடுகள் இவ்வாறு பகிர்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் கூலிவேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவர் வீட்டில் நண்பகலில் என்ன தேவை இருக்கும்?

மற்றொன்று கணக்கு வழி. டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. மின்சாரம் முழுவதும் ஊர்க் கம்பிக்குப் போகும். ஒப்பந்தப்படி அவரவர் பங்கு அவரவர் பில்லில் கழியும். வீடு பூட்டியிருந்தாலும் பங்கு குறையாது. நமக்கு ஏற்றது இதுவே என்பேன்.

ஆயினும் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. தமிழ்நாட்டில் 2016-இல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 90 யூனிட் செலவிடும் ஒரு பாட்டியின் பில் ஏற்கெனவே பூஜ்யம். அதில் எதைக் கழிப்பது? 400 யூனிட் செலவிடும் வீட்டுக்கோ விலையேறிய யூனிட்டுகள் குறைகின்றன. பங்கு சமம், பயன் சமமன்று.

ஆகவே பொது மீட்டருக்கே முதற்பங்கு தரவேண்டும் என்பது என் கருத்து. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாக விளங்கும் அமைப்பு, சென்னைப் பெரும்பாக்கத்தில் தரைத்தளத்தின் மேல் ஏழு மாடி எழுப்பியுள்ளது. அங்கே லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் எல்லார்க்கும் பொது. மோட்டாரைப் பகலிலேயே ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிடலாம். குடியிருப்புச் சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் 2024-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே உண்டு. மிஞ்சுவதை வீடுகளுக்குப் பிரிக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்றால், அதனோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டரும் தானே அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. மின்வெட்டிலும் லிஃப்ட் ஓட வேண்டுமெனில் பேட்டரியும் அதற்குரிய இன்வெர்ட்டரும் வேண்டும். அந்தச் செலவைத் தனியே கணக்கிட வேண்டும்.