சிவப்பு ரசம் தேடி வந்தவர்கள்

அன்புத் தம்பிக்கு,

ஐயம்பேட்டையில் நீ காயலான் கடை போட்ட செய்தி வந்தது. கூடவே, யாரோ இரண்டு பேர் காரில் வந்து பழைய டி.வி.க்குள் சிவப்பு பாதரசம் இருக்கும், லட்சக்கணக்கில் தருகிறோம் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்படி ஒரு சரக்கே கிடையாது. 2009இல் சவூதியில் பழைய சிங்கர் தையல் மிஷினுக்குள் அது இருப்பதாகப் புரளி கிளம்பி, துருப்பிடித்த மிஷினுக்கெல்லாம் விலை எகிறியது. நம் பக்கம் அந்தப் புரளி டி.வி., ரேடியோ என்று வேஷம் மாற்றிக்கொண்டது. பிக்சர் டியூப் டி.வி.யில் பாதரசம் துளிகூட இல்லை. கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதற்காகவே அதை உடைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்து வந்த எல்.சி.டி. டி.வி.யில் நிஜமாகவே பாதரசம் உண்டு. அதைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை.

எல்.இ.டி. வருவதற்கு முந்தைய திரை என்றால், அதன் பின்னால் பேனா ரீஃபில் கனத்தில் வெள்ளைக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம். திரையை நெம்பினால் முதலில் உடைவது அவைதான். பழைய லேப்டாப்பில் திரையின் ஓரத்தில் ஒன்றே ஒன்று ஒளிந்திருக்கும்.

தறி வீடுகளில் எல்.இ.டி. மாட்டியதும் பழைய டியூப் லைட்டெல்லாம் உன்னிடம்தான் வரும். முனை கறுத்த, உள்ளே வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடி என்றால் பாதரசம் இருக்கிறது. சுருள் சி.எஃப்.எல். பல்பும் அப்படியே. முனையில் உள்ள அலுமினிய மூடிக்காகப் பையன்கள் அதை அடித்து உடைப்பார்கள். அந்த மூடிக்கு என்ன விலை கிடைத்துவிடும்?

மூடியைத் திறந்தால் விளக்கு எரியும் பழைய பெட்டி ஃப்ரீசர் வந்தால், மூடிக்குள் கையை விட்டுப் பார். இரண்டு ஒயர் இறங்கிய குட்டிக் கண்ணாடிக் குப்பி இருக்கலாம். லேசாகச் சாய். உள்ளே இருப்பது குண்டாகவே உருண்டால் இரும்பு. துளியாகப் பிரிந்து மறுபடி ஒட்டிக்கொண்டால் பாதரசம். குப்பியை உடைக்காமல் எடுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போடு.

டாக்டர் வீட்டுச் சாமான் என்றால் இன்னும் கவனம். பாதரச பி.பி. கருவி ஒன்றில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். டியூப் லைட்டைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. முப்பது வருஷத்துக்கு முன் அப்படி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, கையாலேயே வழித்து எடுத்தேன். கல்யாண மோதிரம் வெளுத்துப் போனது. ஆசாரி பார்த்ததும் "ரசம் ஏறிடுச்சு" என்று ஊதிக் காய்ச்சினார், தங்கம் திரும்பியது. அப்போது எழுந்த ரச ஆவியை நாங்கள் இருவரும் மூச்சில் இழுத்தது எங்களுக்குத் தெரியாது. வாசனையே கிடையாதே. பட்டு நெய்கிற உன் ஊரில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு: ரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்துவிடும், அசல் ஜரிகையில் அந்த இரண்டும் உண்டு. பழைய பட்டுப்புடவை மூட்டைக்குப் பக்கத்தில் டியூப் லைட் கட்டுகளை வைக்காதே. ஜரிகை எரிக்கிற அடுப்பில் இந்தக் குப்பை எதையும் போடவே போடாதே.

கொடைக்கானல் கதையை நம் தொழிலில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விற்ற, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 2001இல் அங்கே மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் டன் கணக்கில் கிடந்தது. அதை வைத்துத்தான் விஷயமே வெளியே வந்தது. அந்த வருஷமே தொழிற்சாலை மூடியது. 2003இல் பாதரசக் கழிவு சுமார் 290 டன்னைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 591 தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. அந்தக் கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி. எடை போட்டு வாங்கியிருப்பார், நீயும் நானும் வாங்குகிற மாதிரி.

ஏதாவது உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்து, ஜன்னலைத் திற, பிள்ளைகளை வெளியே அனுப்பு. துடைப்பம் வேண்டாம், அது துளியை நூறாக்கும். அட்டையால் தள்ளி, டேப்பால் ஒற்றி எடுத்து டப்பாவில் மூடு. சாக்கடையில் கொட்டாதே. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் டியூப் லைட்டும் அடக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்த மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடு. பாதரசத்தை இறுக்கி ரசமணி கட்ட வேண்டும் என்று யாராவது டப்பாவைக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடு.

கார்க்காரர்கள் மறுபடி வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு. மூலையில் ஒரு எல்.சி.டி. டி.வி. கிடக்கிறதாமே, அதில் கை வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேர்ந்து திறப்போம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்