ஒலி முதலில், ஒளி பிறகு: வீட்டிலேயே ஒரு பாடல் படம்



மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைப் படமாக எடுக்க எவ்வளவு செலவாகும் தெரியுமா? கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் போய் விசாரித்தேன். "லைட்டு, ட்ரோன், எடிட்டிங் எல்லாம் சேத்து முப்பதாயிரம் ஆகும்மா" என்றார்கள். அந்தப் பணம் இருந்தால் எங்கள் வீட்டில் முதலில் வலைதான் வாங்குவார்கள். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அதே வேலையை ஒரு பழைய செல்போன், ஒரு மீன் பெட்டி, நான்கு போர்வை, ஒரு கயிறு ஆகியவற்றை வைத்து முடித்தோம். கையை விட்டுப் போனது 640 ரூபாய். அதிலும் பாதி டீச் செலவு! அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் ஊர் பழவேற்காட்டில் உள்ள லைட்ஹவுஸ் குப்பம். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் மணலும் நாங்களும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

எந்தப் பாட்டு?

கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் முன்பாட்டு சொல்வார், மற்றவர்கள் பின்பாட்டு சொல்வார்கள். அடி விழுகிற இடத்தில் அத்தனை கையும் சேர்ந்து இழுக்கும். இருபது பேரின் பலத்தை ஒரே நொடியில் ஒன்று சேர்ப்பதற்காகப் பிறந்த பாட்டு அது. இப்போது எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இன்ஜின் வைத்த பைபர் படகில் போகிறார்கள். இன்ஜின் சத்தத்தில் யார் பாடுவது, யார் கேட்பது? முன்பாட்டு முழுதாகத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து என் தாத்தா ஒருவர்தான். வயது எழுபத்தெட்டு. அப்பாவுக்குப் பின்பாட்டு மட்டும் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. அதனால்தான் இந்த முயற்சி.

நமக்கு முன்னே செய்தவர்கள்

எங்கள் ஏரிக்குத் தெற்கே எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் இணைக்கிறது. அந்தக் கழிமுகத்தின் நிலைமையைச் சொல்லி 2017 ஜனவரியில் "சென்னை புறம்போக்குப் பாடல்" வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கர்நாடக ராகத்தில் சென்னைப் பேச்சுத் தமிழ்! புறம்போக்கு என்ற சொல்லை நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். ஏரியும் ஆறும் கடற்கரையும் எல்லோருக்கும் பொதுவான புறம்போக்குதான் என்று அந்தப் பாட்டு நினைவூட்டியது. பெரிய செட்டு எதுவும் கிடையாது. பிரச்சினை இருக்கிற இடத்திலேயே போய் நின்று பாடினார்கள்.

அதே இயக்குநர் 2015-இல் சோபியா அஷ்ரஃப் பாடிய "கொடைக்கானல் வோன்ட்" என்ற ராப் பாடலை எடுத்தார். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்காகப் பாடியது அது. உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டு மட்டுமே அதைச் செய்யவில்லை. தொழிலாளர்களின் பல ஆண்டுப் போராட்டம் பின்னால் இருந்தது. ஆனால் கேட்காத காதுகளைக் கேட்க வைத்ததில் பாட்டுக்கும் பங்கு உண்டு.

சரி, இனி செய்முறைக்கு வருவோம்.

1. முதலில் பாட்டைப் பதிவு செய்யுங்கள்

தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை வந்த "ஒலியும் ஒளியும்" பற்றி ஆயா இன்றும் சொல்வார். அந்தப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. ஒலி முதலில், ஒளி பிறகு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் அடுத்த நிமிடமே எழுந்துவிடுவார்கள். சினிமாவிலும் பாட்டை முன்பே பதிவு செய்து, அதை ஓடவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள்.

முதல் நாள் கடற்கரையிலேயே பதிவு செய்தோம். கேட்டால் காற்று மட்டுமே பாடியிருந்தது! இரண்டாம் முறை வீட்டுக்குள். சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும் என்பதால் மூன்று போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, தரையில் ஒன்றை விரித்தோம். ஃபேனை நிறுத்தினோம். போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தோம். நேராக வைத்தால் "ப" வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் அடிக்கும். ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டி உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இவ்வளவு செய்தும் தாத்தாவுக்குப் பாட்டு வரவில்லை. இரண்டு அடி பாடுவார், மறந்துவிடுவார். "உக்காந்துகினு எப்பிடிம்மா அம்பா வரும்? கையில கவுறு இல்லியே" என்றார். உடனே வீட்டுத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி அவர் கையில் கொடுத்தோம். எழுந்து நின்று காலை ஊன்றி ஒரு இழு இழுத்தார். பாட்டு தானாக வந்தது. பதினொரு நிமிடம் நிற்கவே இல்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதில் பாதியை அப்பாவே அதுவரை கேட்டதில்லையாம்.

பின்பாட்டை அடுத்த வாரம் அப்பாவும் நான்கு மாமாக்களும் சேர்ந்து பாட, தனியாகப் பதிவு செய்தோம். இரண்டையும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சேர்த்தேன். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினாலும் கடல் இரைச்சல் கேட்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் வடிகட்டியில் வெட்டியதும் அந்த உறுமலில் பெரும்பகுதி போய்விட்டது. வகுப்பில் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் வைத்துப் படித்தோமே, அதே வடிகட்டிதான்! பரீட்சைக்குப் படித்தது வீட்டுக்கு உதவிய முதல் நாள் அது.

2. தாளத்தை எண்ணுங்கள்

பாட்டில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் பாட்டில் ஏறக்குறைய 75. அப்படியானால் ஓர் அடிக்கு 0.8 நொடி. போனில் நொடிக்கு 30 பிரேம் என்று வைத்தால் ஓர் அடிக்கு 24 பிரேம். காட்சியை மாற்றும்போது 24, 48, 96 என்று அடி விழும் இடத்தில் மாற்றினால் பார்ப்பவருக்கு உறுத்தாது. தாத்தா மெஷின் இல்லை, சில இடத்தில் இழுத்துப் பாடுவார். அங்கே கணக்கை விட்டுவிட்டுக் காதை நம்பினேன்.

3. உதடும் பாட்டும் பொருந்த வேண்டும்

இதில்தான் நான் ஏமாந்தேன். பாட்டை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, தாத்தாவை அதோடு சேர்ந்து பாட வைத்து, தூரத்திலிருந்து எடுத்தேன். போனில் பதிவான சத்தத்தை வைத்து நல்ல ஒலிப்பதிவைப் பொருத்தினேன். கிட்டத்தில் எடுத்த காட்சிகள் சரியாக இருந்தன. தூரத்துக் காட்சிகளில் உதடு முந்தியது, பாட்டு பிந்தியது. ஏன்?

நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். நான் நின்றது 35 மீட்டர் தள்ளி. ஒலி என்னிடம் வர 0.1 நொடி ஆகிறது. அதாவது 3 பிரேம்! ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே தூரத்துக் காட்சிகளில் ஒலியை 3 பிரேம் முன்னே தள்ளினேன், பொருந்திவிட்டது. இன்னும் எளிய வழி: ஒவ்வொரு முறையும் பாடுபவர் பக்கத்தில் ஒருவரைக் கேமராவுக்குத் தெரியும்படி கை தட்டச் சொல்லுங்கள். கை சேரும் பிரேமும் தட்டும் சத்தமும்தான் உங்கள் அடையாளம். சினிமாக்காரர்களின் கிளாப் பலகையும் இதற்குத்தான்.

இன்னொரு வித்தை. அலை மெதுவாக எழ வேண்டும், ஆனால் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும் என்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கேற்ப வேகமாகப் பாட வைத்து, நொடிக்கு 60 பிரேமில் எடுங்கள். பிறகு 30-இல் ஓட்டுங்கள். தாத்தா இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "குருவி மாதிரி கீச்சு கீச்சுன்னு பாட மாட்டேன்" என்றுவிட்டார். மாமா பையனை வைத்து எடுத்தோம்.

4. வெளிச்சத்துக்குக் காசு வேண்டாம்

சூரியன் உதித்த முதல் முக்கால் மணி நேரமும், மறைவதற்கு முந்தைய முக்கால் மணி நேரமும் உங்கள் ஸ்டுடியோ லைட். எங்களுக்குக் காலையில் கடல் பக்கம், மாலையில் ஏரி பக்கம். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடம் கருங்குழியாகத் தெரியும். வேறு வழி இல்லாவிட்டால் ஆளைத் தார்ப்பாய் நிழலில் நிறுத்தி, வெள்ளைத் தெர்மோகோல் பலகையால் வெளிச்சத்தைத் திருப்புங்கள்.

போனில் எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை நுரை வரும்போதெல்லாம் முகம் கறுக்கும். ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பில் இந்த வசதி உண்டு. வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும்.

5. கேமரா ஆடக் கூடாது

மணலில் ட்ரைபாட் கால் புதையும். மீன் பெட்டியில் மணலை நிரப்பி அதன்மேல் போனைக் குறுக்குவாட்டில் வைத்து, கல்லால் அண்டை கொடுத்தோம். அசையவில்லை. உப்புக் காற்று லென்ஸில் படியும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மெல்லிய துணியால் துடையுங்கள். ஒவ்வொரு வேலையையும் தூரம், நடுத்தரம், கிட்டம் என்று மூன்று விதமாக எடுங்கள். அப்போதுதான் வெட்டி ஒட்ட முடியும்.

நான் முதலில் எல்லோரையும் கேமராவைப் பார்த்துச் சிரித்து ஆடச் சொன்னேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, வலை இழுக்கறவன் எங்கியாவது கேமராவப் பாப்பானா? கடலத்தான் பாப்பான்" என்றார். அத்தனையும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். இந்த முறை நிஜ வலை, நிஜ இழுப்பு. மணலில் புதையும் குதிகால், கயிறு அறுத்த உள்ளங்கை, கழுத்து நரம்பு. எங்கள் ஊருக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நாரையையும் லைட்ஹவுஸையும் எடுப்பார்கள். அந்த உள்ளங்கையை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

6. வெட்டி ஒட்டுதல்

நல்ல கணினி கிடைத்தால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கேளுங்கள். பக்கம் திரும்புவது, நட்சத்திரம் தெறிப்பது போன்ற வித்தைகளைத் தொடாதீர்கள். நேர் வெட்டே அழகு. எடுத்தது இரண்டு மணி நேரம், வைத்தது மூன்று நிமிடம் பத்து நொடி.

7. பெயர் போடுங்கள்

2021 மார்ச்சில் வந்த "என்ஜாய் எஞ்சாமி" பாடலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் சேர்ந்து தந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. அவ்வளவு பெரிய பாட்டுக்குப் பிறகும் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற விவாதம் 2021, 2022-இல் எழுந்தது. ஆகவே முதலிலேயே பேசிவிடுங்கள். அம்பா போன்ற பழைய பாட்டுகள் ஊருக்குப் பொது. ஆனால் பாடியவரின் குரலுக்கு உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் அதைச் சேர்த்தது. நாங்கள் கயிறு பிடித்த பதினேழு பேரின் பெயரையும் போட்டோம்.

படம் முடிந்ததும் ஒரு ராத்திரி திண்ணையில் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். தன் பெயர் எது என்று கேட்டார், விரல் வைத்துக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "ரெண்டாவது இழுப்புல மூச்ச முன்னாடியே வுட்டுட்டேன். அத மறுபடி எடுக்கணும்" என்றார்!

தூணில் கட்டிய கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. மீதிப் பாட்டை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்கிறோம். அவர் முன்பாட்டு சொல்ல, நானும் கயிற்றைப் பிடித்துப் பின்பாட்டு சொல்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் நடவுப் பாட்டோ தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்த ஒருவர் இருப்பார். நல்ல போன் வாங்கிய பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையைத் தொங்கவிட்டு, பாடச் சொல்லிக் கேளுங்கள். பாட்டு வரவில்லை என்றால் அவர் கையில் என்ன கொடுக்க வேண்டும் என்று யோசியுங்கள்.