ஈரச் சுவரும் சீமெந்துப் பூச்சும்

மாரி தொடங்கியதும் பழைய கல்வீடுகளின் அடிச்சுவர் கறுத்து, பூச்சுப் பொருமி, வெள்ளையாக உப்புப் பூப்பதை நாம் வடபகுதிக் கிராமங்களில் காண்கின்றோம். வீட்டுக்காரர் கடன்பட்டுச் சீமெந்து பூசுகின்றனர். சில மாரிகளுக்குள் ஈரம் திரும்பி வருகின்றது. பல வீடுகளில் முன்னிலும் உயரமாக வருகின்றது. கடன் மாத்திரம் மிஞ்சுகின்றது. முட்டு, தொய்வு உள்ள பிள்ளைகள் அதே அறையில்தான் படுக்கின்றனர்.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் இதையொத்த ஒரு பிரச்சினையைப் பேசுகின்றது. வீட்டுச் சுவரில் பழுது தோன்றினால் குரு முதலில் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைத்து, மீண்டும் பார்க்க வேண்டும். பழுது பரவியிருந்தால் அக்கற்களைக் கழற்றி, பழைய சாந்தைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதிதாகப் பூசலாம். பார்த்தல், பொறுத்தல், அகற்றல், பூசுதல் என்பதே அந்த ஒழுங்கு. நாமோ கடைசிப் படியை முதலில் செய்கின்றோம்.

1. சீமெந்து ஏன் உதவுவதில்லை?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகள் பல சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. ஈரத்தைத் தடுக்கும் படை அவற்றின் அத்திவாரத்தில் பெரும்பாலும் இல்லை. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் சுவர் நிலத்து நீரை உறிஞ்சுகின்றது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. நீர் அவற்றினூடாக ஆவியாகிவிடும். இறுகிய சீமெந்து அவ்வழியை அடைக்கின்றது. அதனால் நீர் மேலே ஏறுகின்றது. நீரிலுள்ள உப்பு பூச்சின் பின்னால் படிகமாகி அதைத் தள்ளி உதிர்க்கின்றது. பிளாஸ்டிக் கலந்த பெயின்றும் இதே தீமையைச் செய்யும்.

2. நீர் எங்கிருந்து வருகின்றது?

(அ) நிலத்திலிருந்து ஏறக்குறைய மூன்றடி வரை ஒரே மட்டமாக ஈரம் இருந்தால் அது நிலத்து நீர்.
(ஆ) மேற்சுவரில் இருந்தால் ஓட்டையும் பீலியையும் பார்க்கவும்.
(இ) யன்னல் மூலையில் இருந்தால் தூவானம்.
(ஈ) கோடையிலும் ஓரிடத்தில் மாத்திரம் இருந்தால் குழாய்க் கசிவு அல்லது குளிக்கும் தண்ணீர்.

ஐயமிருந்தால் ஓரடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விடவும். சுவர்ப்பக்கம் நீர்த்துளி கண்டால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகின்றது. அறைப்பக்கம் கண்டால் காற்றோட்டம் போதாது.

3. செய்ய வேண்டியவை

முதலாவது, நீரை அகற்றுதல். மண் நிரப்பி உயர்ந்துவிட்ட முற்றத்தை, உள்நிலத்திலும் அரை அடியாவது தாழும்படி வெட்டி, நீர் வெளியே ஓடச் சரிவு கொடுக்கவும். அத்திவாரத்தின் அடி தெரியத் தோண்டலாகாது. இதற்குப் பணத்திலும் மண்வெட்டியே அதிகம் தேவை.

இரண்டாவது, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை சீமெந்துப் பூச்சை, கல் உடையாமல் மெதுவாகக் கழற்றவும். உப்பைக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தட்டி வெளியே கொட்டவும்.

மூன்றாவது, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காய விடவும்.

நான்காவது, ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு உப்பில்லா மணலும் கலந்து, அரை அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பூசவும். ஒரு வாரம் நனைத்த சாக்கினால் மூடி வைக்கவும். பின்னர் சுண்ணாம்பு அடிக்கவும். கடற்கரை மணல் கூடாது. கரையோர முருகைக்கல்லை எடுப்பது சட்டவிரோதம். பையில் விற்கும் சுண்ணாம்பே போதும். கண்ணில் படாமல் கவனிக்கவும்.

இவ்வாறு செய்தாலும் நிலத்து நீர் முற்றாக நின்றுவிடாது. ஆனால் ஏறும் நீர் வெளியேற வழி கிடைப்பதால் சுவர் பெரிதும் காய்ந்திருக்கும்.

4. குழுக் கலந்துரையாடலுக்கு

- எமது கடனுதவுச் சங்கம் பூச்சு வேலைக்குக் கடன் கொடுக்குமுன் யாராவது சுவரைச் சென்று பார்க்கின்றார்களா?
- சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய மேசன்மார் எமது ஊரில் எவர்? அவர்களிடம் கற்க எந்த இளைஞர் முன்வருவர்?
- தனித்து வாழும் முதியவரின் முற்றத்தை இம்மாரிக்கு முன் சிரமதானமாக வெட்டிக் கொடுக்க எம்மால் இயலுமா?