பழைய தமிழ்க் கோப்பு திறந்தால் புரியாத எழுத்தா?

பாகப்பிரிவினை நகல், மகளிர் குழுத் தீர்மானம், பிள்ளைகளின் ஜாதகம் என்று டிடிபி கடையில் அடித்துச் சிடியில் வாங்கி வைத்தவை நல்லம்பள்ளி வட்டாரத்தில் பல வீடுகளில் இருக்கும். இப்போது திறந்தால் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்து வருகிறது என்று மறுபடி அடிக்கக் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

1. முதலில் ஒரு நகல் எடுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். மூலக் கோப்பில் 'சேவ்' அழுத்தவே கூடாது.

2. வந்திருக்கும் உளறலைச் சற்று உற்றுப் பாருங்கள். வரிக்கு வரி அரைப்புள்ளி தெறித்தால் அது பாமினி எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பாமினியில் அடித்த 'நல்லம்பள்ளி', டைம்ஸ் நியூ ரோமனில் 'இ, ஒய், அரைப்புள்ளி, ஒய், கே, அரைப்புள்ளி, ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ், பி' என்று நிற்கும். யென் நாணயக் குறி, தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்து எல்லாம் கலந்து வந்தால் வானவில், டாம், டாப் வகை எழுத்துருவாக இருக்கலாம். தலையில் கோடு போட்ட 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு யூனிகோடுதான். திறந்த விதம்தான் தப்பு; அதற்கு 4-வது குறிப்பைப் பாருங்கள். வெறும் கட்டங்கள் என்றால் கணினியில் எழுத்துரு இல்லை.

3. வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்து, எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். பழைய கோப்புகளை அடித்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஆளுக்கொரு வரிசையில் (குறியேற்றத்தில்) தமிழை வைத்த காலம். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010 ஜூனில் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. அதற்கு முந்தைய கோப்புக்கு எழுத்துருவின் பெயர்தான் சாவி.

4. நோட்பேட் வகைக் கோப்பை வேர்டில் திறக்கும்போது குறியேற்றம் கேட்டால் 'அதர் என்கோடிங்' தேர்ந்து, யூடிஎஃப்-8 கொடுத்து, கீழே வரும் முன்னோட்டத்தைப் பாருங்கள். கேட்கவே இல்லையா? வேர்டு 2003-ல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போய் 'கன்ஃபர்ம் கன்வெர்ஷன் அட் ஓப்பன்' என்பதை டிக் செய்யுங்கள்.

5. யூனிகோடுத் தமிழை வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கையில் 'விண்டோஸ் டிஃபால்ட்' என்று விட்டுவிட்டால் அத்தனை எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கேயும் யூடிஎஃப்-8 தான்.

6. பாமினி, வானவில் கோப்புகளை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குளறுபடி செய்யும். தமிழ்ப் பத்திகளை மட்டும் வெட்டி ஒட்டி மாற்றுங்கள்.

7. மாற்றியபின் 'ர' எழுத்தைக் கவனியுங்கள். அச்சில் ஒன்றுபோலத் தெரிவதால் அந்தக் காலத்தில் பலர் 'ர'வுக்குப் பதிலாகத் துணைக்காலைத் தட்டிவிட்டார்கள். மாறியபின் நகரம் 'நகாம்' ஆகும், பரமசிவம் 'பாமசிவம்' ஆவார். நிலம் சம்பந்தப்பட்ட தாளில் இது விளையாட்டில்லை. பெயர், சர்வே எண், பரப்பளவு மூன்றையும் அச்சுத் தாளோடு வைத்து வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள்.

8. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் அனுப்பும் முன் அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரில் யூனிகோடு வேலை செய்யாது. இன்னும் அதில் ஓட்டுபவர்கள் பழைய எழுத்துருவில்தான் கேட்பார்கள்.

9. புது மடிக்கணினிகள் பலவற்றில் சிடி போடும் இடமே கிடையாது. வட்டாட்சியர் அலுவலகப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பழைய கணினி இருக்கும்போதே சிடியில் உள்ளதைப் பென்டிரைவுக்கு மாற்றி வாங்கிவிடுங்கள். எழுத்துருக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.