காமிக்ஸ் படிக்க எங்கே தொடங்குவது? திருப்பதி, சித்தூர் வாசகருக்கு ஒரு வழி

காமிக்ஸ் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்களை முதலில் மிரட்டுவது அதன் அளவு. பேட்மேன் 1939இலிருந்து வருகிறார், டெக்ஸ் வில்லர் 1948இலிருந்து. சிவகாசியின் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இதையெல்லாம் முதல் புத்தகத்திலிருந்து படித்தால்தான் புரியுமோ என்று யோசித்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயமே இல்லை. முப்பது வருடமாகப் படிப்பவர்களும் கையில் கிடைத்த ஏதோ ஒரு நடுப் புத்தகத்தில்தான் தொடங்கியிருப்பார்கள்.

திருப்பதி, சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழருக்கு வேறொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலையில் ஆங்கிலம். தமிழ் சரளமாக வரும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கும். தமிழ் காமிக்ஸ் பக்கத்துக் கடையில் தொங்குவதும் இல்லை. ஆனால் மூன்று மொழி தெரிந்தவருக்கு மூன்று வாசல் திறந்திருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. மொழியைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ் எழுத்து இன்னும் கைவராதவர்கள் ‘சந்தமாமா’விலிருந்து தொடங்கலாம். கடப்பா மாவட்டத்துக்காரரான பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. கட்டம் கட்டமாகப் போகும் காமிக்ஸ் என்று அதைச் சொல்ல முடியாது, படத்தோடு வரும் கதைதான். ஆனால் ஒரே கதை அதே படங்களோடு இரண்டு மொழியிலும் வந்தது. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் வேதாளம் கதையைத் தெலுங்கில் ஒருமுறை படித்துவிட்டுத் தமிழ் இதழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்திருப்பதால் கண் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. பத்திரிகை இப்போது வருவதில்லை, பழைய இதழ்களைத்தான் தேட வேண்டும்.

தமிழ் ஓரளவு படிப்பவர்கள் நேரே சிவகாசிக்குப் போகலாம். 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984 ஜூலையில் மாடஸ்டி பிளைசி கதையோடு லயன் காமிக்ஸ் வந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் இதழ்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிக் கதைகளை முறையாக உரிமை வாங்கித் தமிழில் வெளியிடுகிறார்கள். ஆசிரியர் எஸ். விஜயன். பலூனுக்குள் வருவது சின்னச் சின்னப் பேச்சு வாக்கியம் என்பதால், நாவல் படிக்கத் தயங்குகிறவர்கூட இதைப் படித்துவிடுவார்.

ஆங்கிலம் சரளமாக வருமென்றால் ஜப்பானிய மாங்கா, அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள், இந்திய கிராஃபிக் நாவல்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

2. உங்கள் ருசி எது?

‘நல்ல காமிக்ஸ் எது’ என்று நண்பரைக் கேட்டால் அவருக்குப் பிடித்ததைச் சொல்வார். அதைவிட, நீங்கள் எந்த மாதிரி சினிமாவை இரண்டாம் முறை பார்ப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் தமிழில் வந்தவையே அதிகம்.

• துப்பாக்கி, குதிரை, நீதி: டெக்ஸ் வில்லர். டெக்ஸ், அவர் நண்பர் கிட் கார்சன், மகன் கிட் வில்லர், நவஹோ வீரன் டைகர் ஜாக் ஆகிய நால்வரைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கதையிலும் நுழையலாம்.

• சிரிப்பு: லக்கி லுக், சிக் பில், ஸ்மர்ஃப்ஸ். பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம்.

• துப்பறிதல்: ரிப்போர்ட்டர் ஜானி, ரிப் கெர்பி.

• சதி, அரசியல், ஆள் மாறாட்டம்: ‘இரத்தப் படலம்’. ஒருவன் தன் பெயர்கூட நினைவில்லாமல் கரை ஒதுங்குகிறான். உடம்பில் XIII என்ற பச்சைக்குத்து. அவன் யார் என்பதுதான் கதை.

• புராண வாசனையோடு சாகசம்: தோர்கல்.

• நிஜ வாழ்க்கை: அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு ஓவியர்கள் வரைந்த ‘பீமாயணம்’, ஈரானியச் சிறுமி ஒருத்தியின் பார்வையில் புரட்சியையும் போரையும் சொல்லும் மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’. ஈழப்போரில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதையான ‘வன்னி’ 2019இல் ஆங்கிலத்தில் வந்தது.

படம் போட்டிருக்கிறதே என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். ‘இரத்தப் படலம்’, திகில் தொடரான டிலன் டாக், மாடஸ்டி எல்லாம் பெரியவர்களுக்கானவை.

3. முதலில் ஒரே புத்தகத்தில் முடியும் கதை

புதியவர்கள் தடுமாறும் இடம் அட்டையில் இருக்கும் எண். லயன் காமிக்ஸ் அட்டையில் ஓர் எண்ணைப் பார்த்ததும், அதற்கு முன்னால் வந்த அத்தனையையும் படிக்க வேண்டும் போலிருக்கிறதே என்று தோன்றும். அது பதிப்பகத்தின் இதழ் எண் மட்டுமே. இந்த எண்ணில் டெக்ஸ் என்றால் அடுத்த எண்ணில் லக்கி லுக் இருக்கலாம், இரண்டுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது கதை இதே புத்தகத்தில் முடிகிறதா என்பதைத்தான். கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். ‘தொடரும்’ என்று இருந்தால் முதல் புத்தகமாக அது வேண்டாம்.

டெக்ஸ், லக்கி லுக், ரிப்போர்ட்டர் ஜானி கதைகள் பெரும்பாலும் தனித்தனியாக முடிபவை. லார்கோ வின்ச் கதைகள் இரண்டிரண்டு பாகமாகப் போகும், ஜோடியாக வாங்க வேண்டும். ‘இரத்தப் படலம்’ வரிசையாகத்தான் படிக்க வேண்டும், நடுவில் நுழைந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். பேட்மேன் வேண்டுமென்றால் மாத இதழ்களைத் துரத்தாமல் நான்கே இதழ்களின் தொகுப்பான ‘பேட்மேன்: இயர் ஒன்’ வாங்குங்கள். மாங்காவில் ‘டெத் நோட்’ பன்னிரண்டு தொகுதியில் முடிந்த கதை. ‘ஒன் பீஸ்’ நூறு தொகுதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்கும் முன் அலமாரியையும் பர்ஸையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே வாங்குவது?

புதிய தமிழ் காமிக்ஸுக்குச் சுலபமான வழி, சிவகாசியிலிருந்து நேரடியாக ஆன்லைனில் தருவிப்பது. எடுத்த எடுப்பில் ஆண்டு சந்தா கட்ட வேண்டாம். தனி இதழாக இரண்டு மூன்று வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்தால் சந்தாவுக்குப் போங்கள். பார்சல் மாநில எல்லை தாண்டி வருகிறது. முகவரியைத் தமிழில் மட்டும் எழுதினால் இங்கே கூரியர் பையனுக்குப் புரியாது. ஆங்கிலத்தில் பின்கோடு, மொபைல் எண், பக்கத்து அடையாளம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்பவர்கள் ஜனவரி வரை காத்திருக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. திருப்பதியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து விமான நிலையம் போகும் நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் நந்தனத்திலேயே இறங்கிவிடலாம். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்புகிற பயணம்தான். லயன்-முத்து ஸ்டாலில் பழைய இதழ்களின் மீதப் பிரதிகளும் கிடைக்கும். சித்தூர்க்காரருக்கு வேலூர் பக்கம். தமிழக அரசு மாவட்டந்தோறும் நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் வேலூர், திருவள்ளூர் தேதிகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

ஜப்பானிய மாங்கா பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கக் காசே தேவையில்லை. ஷுஎய்ஷா நிறுவனத்தின் ‘மாங்கா பிளஸ்’ செயலியில் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் கடைசி சில அத்தியாயங்களும் இலவசம். முதல் மூன்றைப் படித்தால் தெரிந்துவிடும். கள்ள ஸ்கேன் பக்கங்கள் வேண்டாம். விற்பனை குறைவாக உள்ள தமிழ் காமிக்ஸில் ஒவ்வொரு பிரதியும் அடுத்த இதழ் வருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

5. பழைய புத்தகம் வாங்கும்போது

தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984இலிருந்து 2005 வரை ஐந்நூறு இதழ்கள் வந்து நின்றுபோனது. அதற்கு இப்போது பழைய புத்தகக் கடைதான் கதி. சென்னையில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனாலும் திருவல்லிக்கேணி நடைபாதையில் இன்னும் தேடலாம். நம் ஊரில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். எடைக்கு வரும் கட்டில் எப்போதாவது ஒன்று சிக்கும்.

கையில் கிடைத்ததும் அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறங்கள். பின் துருப்பிடித்திருந்தால் நடுத்தாள் கழன்று போயிருக்கும். பக்க எண் தாவுகிறதா என்று பாருங்கள். அடுத்து கடைசித் தாள். போட்டிக் கூப்பனைக் கத்தரித்து அனுப்பியிருந்தால் அதன் முதுகில் இருந்த கதையின் முடிவும் சேர்ந்து போயிருக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம்.

விலை கேட்டுத் தலை சுற்றினால் மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இரும்புக்கை மாயாவியின் பல கதைகள் மறுபதிப்பாக வந்துவிட்டன. படிக்க விரும்புகிறவருக்கு மறுபதிப்பே போதும். சேகரிப்பவர் தரும் விலையை நீங்கள் ஏன் தர வேண்டும்?

தேடும்போது பெயரில் கவனம் வையுங்கள். புளூபெர்ரி தமிழில் கேப்டன் டைகர். ரிக் ஹோஷே தமிழில் ரிப்போர்ட்டர் ஜானி. முகமூடி வீரர் ஃபேன்டம் ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வருவார். முத்துவின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள்.

6. படிக்கும் விதம்

தமிழ், ஆங்கில காமிக்ஸில் கட்டங்கள் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரே கட்டத்தில் இரண்டு பலூன் இருந்தால் மேலே இருப்பது முதல் பேச்சு. மாங்கா தலைகீழ். புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஐந்தாறு பக்கத்தில் கண் பழகிவிடும்.

வழக்கமாகச் செய்யும் தவறு, பலூனை மட்டும் படித்துக்கொண்டே ஓடுவது. அப்படிப் படித்தால் இருபது நிமிடத்தில் புத்தகம் முடிந்து, ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். இரும்புக்கை மாயாவி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்துவிடும், உலோகக் கை மட்டும் மறையாது. அந்தக் கை மட்டும் தனியாக மிதந்து வரும் கட்டத்தில், ஆள் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதை ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ விரல்களின் வளைவிலேயே சொல்லிவிடுவார். எதிரி அதைக் கவனித்துவிட்டானா என்று அவன் கண்ணைப் பாருங்கள். பலூனில் இல்லாத கதை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். எழுத்தில்லாத கட்டம் வந்தால் அதில் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

7. அடுத்த தொடரைப் பிடிப்பது

முதல் புத்தகம் பிடித்துவிட்டதா? கதாசிரியர் பெயரையும் ஓவியர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹீரோவையே துரத்திக்கொண்டு போனால், எழுதுகிறவர் மாறும்போது ஏமாற்றம் வரும். லக்கி லுக்கையே பாருங்கள். படைத்தவர் மோரிஸ் என்றாலும், கோசினி எழுதிய காலத்துக் கதைகளுக்கு இருக்கும் மவுசு தனி. ஆஸ்டெரிக்ஸுக்கும் எழுதியவர் அதே கோசினிதான்.

இன்னொரு பெயர் பெல்ஜியக் கதாசிரியர் வான் ஹாம்மே. ‘இரத்தப் படலம்’ அவர் எழுதியது, தோர்கல் அவருடையது, லார்கோ வின்ச், வேய்ன் ஷெல்டன், லேடி எஸ் மூன்றும் அவருடையவையே. இவை எல்லாம் தமிழில் வந்திருக்கின்றன. ஒன்று பிடித்தவருக்கு மற்றவையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பெயரைத் தெரிந்துகொண்டால் ஒரு வருடத்துக்கான வாசிப்பு கையில் வந்துவிடும். டெக்ஸ் விஷயத்தில் ஓவியர் பெயரைக் கவனியுங்கள். பல ஓவியர்கள் மாறி மாறி வரைகிறார்கள், உங்களுக்குப் பிடித்த கோடு யாருடையது என்று நாளடைவில் தெரிந்துவிடும்.

8. எப்போது விட்டுவிடுவது?

தொடரின் இரண்டாவது புத்தகமும் இழுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லோரும் புகழ்கிறார்களே என்று கஷ்டப்பட்டுப் படிக்க இது பரீட்சை இல்லை. செட்டை முழுசாக்க வேண்டும் என்ற ஆசையில் பிடிக்காத தொடரை வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் இன்னொரு ருசியைப் பார்த்துவிடலாம்.

தொடங்க நினைப்பவருக்கு ஒரு பட்டியல்: ஒரு டெக்ஸ், ஒரு லக்கி லுக், கொஞ்சம் கனமாக ஒரு ‘பீமாயணம்’. மூன்றும் அந்தந்தப் புத்தகத்திலேயே முடிபவை. மூன்றையும் படித்துவிட்டு எதை மறுபடி எடுத்தீர்கள் என்று பாருங்கள், அடுத்த ஆர்டரை அந்தத் திசையிலேயே போடுங்கள். இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு வேறு வேறு தலைப்பாக வாங்கி மாற்றிக்கொண்டால் செலவு பாதி. ஆனால் யார் எதை எடுத்துப் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடன் போன காமிக்ஸ் தானாகத் திரும்பி வருவது அபூர்வம்.